ஜாஸ்தி என்றால் எவ்வளவு?



இன்றைய பேச்சு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. தாராவியில் இந்தச் சொல்லைப் பேசாத வீடு இல்லை. மாட்டுங்காவில் காய்கறி வாங்குபவர் சொல்கிறார்: "விலை ஜாஸ்தி." செம்பூரில் பஸ்ஸுக்கு நிற்பவர் சொல்கிறார்: "கூட்டம் ஜாஸ்தி." வாடகை கொடுப்பவரும் இதையே சொல்கிறார்.

ஜாஸ்தி என்ற சொல் எங்கிருந்து வந்தது?

இது தமிழில் பிறந்த சொல் அல்ல. அரபியில் பிறந்தது. பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்தது. உருதுவிலிருந்து தமிழுக்கு வந்தது. ஒரு காலத்தில் நவாபுகளும் மராட்டிய மன்னர்களும் தமிழ்நாட்டின் சில பகுதிகளை ஆண்டார்கள். கச்சேரியிலும் வரிக் கணக்கிலும் இப்படிப்பட்ட பல சொற்கள் புழங்கின. வசூல், பாக்கி, ஜப்தி எல்லாம் அந்த வகைதான். கம்மியும் ஜாஸ்தியும் கூட அப்படியே.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பலர் பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்தார்கள். தாராவியில் தோல் பதனிடும் வேலை பார்த்தார்கள். வந்த புதிதில் மராத்தி தெரியாது. ஆனால் மராத்தியிலும் "கமி", "ஜாஸ்த்" என்றுதான் சொல்கிறார்கள். ஊரில் கேட்ட சொல் இங்கும் காதில் விழுந்தது.

சரி, தமிழில் இதற்குச் சொல் இல்லையா? நிறைய இருக்கிறது. "மிகு" என்பது ஒரு வேர். அதிலிருந்து மிகுதி, மிகை, மிச்சம், மிஞ்சுதல் என்று பல சொற்கள் கிளைத்தன. "செலவு போக 100 ரூபாய் மிச்சம்" என்றால் மனசு குளிர்கிறது. "பேச்சு மிஞ்சிவிட்டது" என்றால் சண்டை வரப் போகிறது. வேர் ஒன்றுதான். அளவுக்குள் நின்றால் சேமிப்பு. அளவைத் தாண்டினால் கேடு.

ஜாஸ்தி என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு.

முதல் பொருள், வழக்கத்தைவிட அதிகம். "அந்த வருஷம் மழை ஜாஸ்தி" என்கிறோம். எவ்வளவு? 2005 ஜூலை 26, 27 தேதிகளில் மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர். எண்ணைச் சொன்னதும் அந்த மழை கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா?

இரண்டாவது பொருள், தேவைக்கு மேல். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மாத்திரை போடுகிறோம். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருக்கிறது. தெரியாமல் இரண்டையும் போட்டால் மருந்து ஜாஸ்தி ஆகிவிடும். கல்லீரல் கெடலாம். அட்டையில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் கணக்கும் அச்சிட்டிருக்கும். அதைப் படிக்க வேண்டும். உடலுக்குக் கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று திருவள்ளுவரும் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது பொருள், நியாயத்துக்கு மேல். இந்தியில் "ஜ்யாததி" என்று ஒரு சொல் உண்டு. அதற்கு அநியாயம், கொடுமை என்று பொருள். நம் ஜாஸ்தியும் அந்தச் சொல்லும் ஒன்றுதான். அதிகமாக எடுப்பது எப்போது அநியாயம் ஆகிறது? ஒரு கணக்குப் பார்ப்போம்.

குளிர்பானப் பாட்டிலில் எம்.ஆர்.பி. 20 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர், "பிரிட்ஜில் வைத்தது, 22 ரூபாய்" என்கிறார். எம்.ஆர்.பி. என்பது வரியெல்லாம் சேர்ந்த உச்ச விலை. குளிர வைத்ததற்கு என்று கூடுதலாக வாங்க முடியாது. புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இன்னொரு கணக்கு. "அஞ்சு வட்டிதான்" என்று ஒருவர் 10,000 ரூபாய் கடன் தருகிறார். கேட்பதற்குக் கம்மியாக இருக்கிறது. அஞ்சு வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். 10,000 ரூபாய்க்கு மாதம் 500. வருஷத்துக்கு 6,000. அதாவது நூற்றுக்கு 60. இருபது மாதத்தில் வட்டி மட்டுமே 10,000 ரூபாய் கட்டியிருப்போம். அசல் அப்படியே நிற்கும். அந்த அஞ்சு இப்போது கம்மியா, ஜாஸ்தியா?

"ரொம்ப ஜாஸ்தி" என்று புலம்பினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "அச்சிட்டது 20, நீங்கள் கேட்பது 22, இரண்டு ரூபாய் ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். எழுத்தும் எண்ணும் கற்பது இதற்காகத்தான்.

ஆகவே, இனி ஜாஸ்தி என்று வாயில் வந்தால் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். எதைவிட ஜாஸ்தி? எவ்வளவு ஜாஸ்தி? இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு மாத்திரை அட்டையை, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை, ஒரு மின்சாரப் பில்லைக் கையில் எடுங்கள். அதில் உள்ள எண்களைப் படித்து நோட்டில் எழுதுங்கள். நாளை வகுப்புக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.