பேக்கப் எடுத்தால் போதாது, டேலி ஆக வேண்டும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கத்துக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைப் போன மாதம் மாற்றினோம். அதைப் பற்றிப் பேசச் செயலாளர் சொன்னார். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கணக்குப்பிள்ளை பாஷையிலேயே சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகிறது. சுற்றுகிற பொருள் ஒருநாள் தேயத்தான் செய்யும். ஃபைல் திறக்கத் தாமதம், உள்ளே 'டக் டக்' என்று சத்தம் என்றால் உஷாராகிவிட வேண்டும். முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள்; கடைக்குப் போவது அப்புறம்.

பழைய டிஸ்க் ஓடும்போதே 'சிஸ்டம் இமேஜ்' எடுத்துவிட வேண்டும். விண்டோஸ், புரோகிராம்கள், நம் ஃபைல்கள் எல்லாம் அப்படியே வெளி டிஸ்க்கில் வந்துவிடும். கூடவே ஒரு காலி பென் டிரைவில் 'ரெக்கவரி டிரைவ்' தயார் செய்துகொள்ளுங்கள். புது டிஸ்க்கில் ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டரை எழுப்ப அந்தப் பென் டிரைவ்தான் வேண்டும். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. இருந்தால் இமேஜ் ஏறாமல் போகும். நாங்கள் அதே அளவில் எஸ்.எஸ்.டி. வாங்கினோம். அதில் சுற்றும் தட்டு இல்லை, வேகமும் அதிகம். ஆனால் அதுவும் ஒருநாள் போகும், சத்தமே இல்லாமல் போகும்.

ரெஸ்டோர் முடிந்ததும் பராமரிப்புக் கணக்கின் இருப்பைப் பிரிண்ட் எடுத்த ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டோம். பைசா சுத்தமாக டேலி ஆனது. அப்போதுதான் வேலை முடிந்தது. பேக்கப் எடுப்பது வவுச்சர் போடுவது மாதிரி. திரும்ப ஏற்றிப் பார்ப்பதுதான் டேலி. அதைச் செய்யாதவரை, பேக்கப் இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை.

பிரதியை எங்கே வைப்பது? கம்ப்யூட்டருக்குப் பக்கத்து மேசை டிராயரில் வைத்துப் பயனில்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மரமும் மின்கம்பமும் சாய்ந்து, எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அசலும் நகலும் சேர்ந்தே நனையும். அதனால் மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். வெளியூரில் இருக்கும் மகளிடம் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வைத்தாலும் போதும்.

கழற்றிய டிஸ்க்கை ஆக்கர்கடையில் போடாதீர்கள். நம் ஆதாரும் பாஸ்புக்கும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. இரண்டு மாதம் பத்திரமாக வைத்திருந்து, புதியதில் எல்லாம் சரி என்றான பிறகு உடைத்துவிடுங்கள்.

2011 முதல் மார்ச் 31-ஐ உலக பேக்கப் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். வங்கிக்காரர்களுக்கு அது ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். நமக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். காலமான அப்பா அம்மா படம், பிள்ளைகளின் கல்யாண வீடியோ, பத்திர நகல் இவற்றில் ஏதாவது ஒன்றை இன்று இரவே உங்கள் பேக்கப்பிலிருந்து திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், அசல் கையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்படுங்கள்.