பென்சில் கோட்டுக்குள் ஒரு பாட்டு

கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதுக்குச் சொல்லும் வேலை இன்று எனக்கு. 1985-இல் வந்த ‘டேக் ஆன் மீ’ என்ற மியூசிக் வீடியோவைப் பற்றிப் பேசப் போகிறேன். பாடியது ‘ஆ-ஹா’ என்ற நார்வே நாட்டு மூவர் குழு.

காபிக் கடை ஒன்றில் உட்கார்ந்து ஒரு பெண் படக்கதை படிக்கிறாள். பைக் பந்தயக் கதை. படத்தில் இருக்கும் வீரன் அவளைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். பென்சிலால் வரைந்த கை ஒன்று தாளிலிருந்து எழுந்து நீள்கிறது. அதைப் பிடித்தவள் கதைக்குள் போய்விடுகிறாள். காசு கொடுக்காமல் ஓடிவிட்டாள் என்ற கோபத்தில் கடைப் பணிப்பெண் புத்தகத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடுகிறார். உள்ளே இரண்டு முரடர்கள் பைப் ரெஞ்சோடு துரத்துகிறார்கள். வீரன் தாள் சுவரைக் கிழித்து அவளை வெளியே அனுப்புகிறான்.

இந்தப் பாட்டுக்கு முந்தைய வருடமே ஒரு வீடியோ இருந்தது. நீலப் பின்னணியில் குழு நின்று பாடும், அவ்வளவுதான். நார்வேக்கு வெளியே பாட்டும் எடுபடவில்லை. மறுபடி ஒலிப்பதிவு செய்து, ஸ்டீவ் பேரன் இயக்கத்தில் இந்தப் புதிய வீடியோவோடு விட்டார்கள். 1985 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம். மறு வருடம் எம்டிவியின் ஆறு விருதுகள்.

விஸ்காம் என்னும் காட்சித் தொடர்பியல் வகுப்புகளில் மியூசிக் வீடியோ என்றாலே ஆண்ட்ரூ குட்வின் வந்துவிடுவார். 1992-இல் அவர் எழுதிய நூலிலிருந்து ஆசிரியர்கள் திரட்டிய பட்டியல் ஒன்று உண்டு. வரிக்கும் காட்சிக்கும் என்ன உறவு, இசைக்கும் காட்சிக்கும் என்ன உறவு, பாடகர் முகத்தை நெருக்கத்தில் காட்டச் சொல்லும் கம்பெனியின் கட்டாயம், பார்வை யாருடையது, வேறு படைப்பின் சாயல் எங்கே என்று அது நீளும். மாணவர்கள் இதைப் பரீட்சையில் வாய்ப்பாடு போல எழுதிவிட்டுப் போகிறார்கள். அது பாவம்.

பட்டியலில் முதலில் முகத்தை எடுத்துக்கொள்வோம். நம் சினிமாப் பாட்டில் குரல் ஒருவருடையது, வாயசைப்பு இன்னொருவருடையது. எஸ்.பி.பி. பாடியிருப்பார், திரையில் வேறொருவர் நிற்பார். நமக்கு அதில் குறை தெரிவதில்லை. மியூசிக் வீடியோவில் பெரும்பாலும் அது நடக்காது. அங்கே விற்க வேண்டிய சரக்கே பாடகரின் முகம். இயக்குநர் பேரன் அந்த முகத்தைப் பென்சில் கோட்டால் மூடினார். பாடகர் மார்ட்டன் ஹார்க்கெட்டின் நிஜ முகத்துக்காக நாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரு சட்டத்தின் வழியே பார்த்தால் நிஜ முகம், சட்டத்தைத் தாண்டினால் கோடு என்று ஒரு காட்சி வருகிறது. கம்பெனிக்கு வேண்டிய குளோசப் அங்கே கிடைத்துவிடுகிறது; கதைக்கும் கெடுதல் இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றால் இது.

எனக்கு இதில் மிகப் பிடித்தது அந்தக் கோடுதான். ரோட்டோஸ்கோப் என்ற முறை அது. முதலில் நடிகர்களைப் படம் பிடித்து, பிறகு ஒவ்வொரு ஃப்ரேமின் மேலும் பென்சிலால் வரைவது. மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் ஏறக்குறைய 3,000 ஃப்ரேம்களை வரைந்தார்கள். கையால் வரைவதால் ஒரு ஃப்ரேம் போல இன்னொன்று அமையாது. அதனால் கோடு ஓயாமல் நடுங்கும். பாட்டின் தாளமோ படபடவென்று ஓடுவது. நடுங்கும் கோடும் ஓடும் தாளமும் சேரும்போது, தாளத்தையே கண்ணால் பார்ப்பது போலிருக்கிறது. இசைக்கும் காட்சிக்குமான உறவு என்று குட்வின் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி பார்வை. ஹாலிவுட் படங்களில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள் என்று லாரா மல்வி 1975-இல் எழுதினார். இங்கே தலைகீழ். பார்ப்பவள் பெண், தாளில் படமாக இருப்பவன் ஆண். ஆனால் கைகொட்டிவிட வேண்டாம். கதைக்குள் போன அடுத்த நிமிடமே அவள் காப்பாற்றப்பட வேண்டியவளாகிவிடுகிறாள். புரட்சி பாதி வழியில் நின்றுவிட்டது என்பேன்.

கடைசியாக, வேறு படைப்பின் சாயல். வீடியோவின் முடிவில் வீரன் தாளிலிருந்து வெளியேறத் தவித்து, நடைக்கூடச் சுவர்களில் மோதி மோதி, கோடாகவும் மனிதனாகவும் மாறுவான். அது கென் ரஸ்ஸலின் 1980-ஆம் வருடப் படம் ‘ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்’ தந்த சாயல்.

வீட்டில் வாய்ப்பிருந்தால் இந்த வீடியோவை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கோடுகளை மட்டும் கவனியுங்கள். அப்படியே, பில் காசு கிடைக்காமல் போன அந்தப் பணிப்பெண்ணையும்.