பகிரும் காலத்தில் அந்தரங்கம்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு காணும் சங்கத்தின் மேடையில் பழைய நினைவுகளைப் பேசுவதே வழக்கம். அதை என்னிலும் அழகாகச் செய்யக்கூடிய அக்காமார் பலர் இங்கே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விடயம் எங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசிக்குள்ளும் இருக்கிறது. எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அது.

அந்தரங்கம் என்ற சொல்லை எங்கள் வீடுகளில் அதிகம் பாவிப்பதில்லை. வேலி இருந்தது, வேலியில் பொட்டும் இருந்தது. அடுத்த வளவுச் சங்கதியெல்லாம் அந்தப் பொட்டுக்குள்ளால் வந்து போனது. ஆனாலும் அந்தக் கதைகளுக்கு ஓர் எல்லை இருந்தது. ஊருக்குள் சுற்றின; அடுத்த திருவிழா வரும்போது வேறு கதை வந்துவிடும். இன்றைக்குப் போடும் படத்துக்கு ஊரெல்லையும் இல்லை, ஓய்வும் இல்லை. பேஸ்புக் 2004இல் தொடங்கியது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். தங்களைப் பற்றித் தாங்களே ஒரு சொல் எழுதுமுன், அவர்களில் எத்தனையோ பேரின் படங்களைப் பெற்றோர் ஏற்றிவிட்டார்கள்.

முதலில் சின்ன விடயங்களைப் பார்ப்போம். எங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமன்று. பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1985ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 85532 என்று தொடங்கும். 12 இலக்கப் புதிய அட்டையிலும் இதே முறைதான். ஆண்டு மட்டும் முழுமையாக இருக்கும். வட்ஸ்அப்பில் அட்டையின் படத்தை அனுப்பும்போது பிறந்த திகதியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று. வெளிநாட்டு வங்கிகள் வாடிக்கையாளரை உறுதிப்படுத்த வழமையாகக் கேட்டுவந்த கேள்வி, தாயின் மணமாகுமுன் பெயர் என்ன என்பது. அந்தப் பெயர் ஒழுங்காக எழுதிவைக்கப்பட்டிருக்கும் இடம் எது? பழைய மாணவிகள் சங்கத்தின் பெயர்ப்பட்டியல். ஒருவரையொருவர் அடையாளம் காண எங்களுக்கு அந்தப் பெயர் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டால், கனடாவில் பிறந்த எங்கள் மகளின் வங்கிக் கேள்விக்கு நாங்களே விடை எழுதிக் கொடுத்ததாகும்.

வட்ஸ்அப் பூட்டித்தானே அனுப்புகிறது என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். 2016 முதல் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர, நடுவில் நிற்கும் நிறுவனம்கூடச் செய்தியை வாசிக்க முடியாது. ஆனால் 200 பேர் உள்ள குழுமத்தில் அந்தப் பூட்டுக்கு 200 சாவிகள் இருக்கின்றன. ஒருவர் திரையைப் படம்பிடித்து வெளியே அனுப்பினால் கதை முடிந்தது.

இனி, சொல்லச் சற்றுத் தயங்கும் விடயம். எங்கள் சாமத்திய வீட்டுக் காணொளிகள் பல, எவரும் பார்க்கும்படி யூரியூப்பில் கிடக்கின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பெயரும் முகமும், அவள் உடலில் நேர்ந்த மாற்றமும் முன்பின் தெரியாதவர் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. சடங்கு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். செய்பவர்கள் செய்யட்டும். அந்தக் காணொளி குடும்பத்துக்குள் இருக்கட்டும். அவளுக்கு இருபத்தைந்து வயதாகும்போது, உடன் வேலைசெய்பவர்கள் அதைத் தேடிப் பார்க்கும் நிலை அவளுக்கு ஏன்?

நான் இங்கு வந்ததன் முக்கிய காரணத்துக்கு வருகிறேன். பழைய மாணவிகள் கல்விக்குச் செய்யும் உதவி பெரியது. துவிச்சக்கரவண்டி, புத்தகம், மாதாந்த உதவித்தொகை என்று அது போகிறது. கொடுக்கும்போது படம் எடுக்கிறோம். படத்துக்குக் கீழே பிள்ளையின் பெயர், வகுப்பு, “தந்தையை இழந்தவர்” என்ற வரி. மாலைக்குள் அது லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் எங்கும் போய்விடுகிறது. அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளை அதே துவிச்சக்கரவண்டியில் வகுப்புக்கு வருகிறாள். வகுப்பில் எல்லோரும் படத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

முன்பு விடுதிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு அதிபர் சலுகை கொடுத்தால், அது அதிபருக்கும் காரியாலயத்துக்கும் மட்டுமே தெரியும். பக்கத்துக் கட்டிலில் படுத்தவளுக்குத் தெரியாது. எங்களில் யார் அப்படிப் படித்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. இந்தக் கல்லூரி எங்களுக்குத் தந்த மிகப் பெரிய மரியாதை அது.

கணக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்பது நியாயம். கணக்கைப் பற்றுச்சீட்டும், கணக்காய்வும், அதிபரின் கடிதமும் காட்டும். படம் போட்டால்தான் பணம் சேரும் என்பார்கள், ஓரளவு உண்மை. அப்படியானால் வரிசையாக நிறுத்திய துவிச்சக்கரவண்டிகளைப் படம் எடுங்கள். திருத்திய நூலகத்தை எடுங்கள். புலம்பெயர்ந்த சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் படத்தைப் போடலாமா என்று அங்குள்ள பாடசாலை கடிதம் அனுப்பிக் கையொப்பம் கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு இடம் இருக்கிறது. வன்னிப் பிள்ளையின் தாய்க்கும் அதே இடம் வேண்டும். உதவி வாங்க வரிசையில் நிற்பவரிடம் கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆகவே உதவி வேறு, படத்துக்கான சம்மதம் வேறு என்று பிரித்தே கேட்கவேண்டும்.

சட்டமும் இந்தப் பக்கமே வருகிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர் பற்றிய தரவுகளை விசேட பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. வீட்டுத் தேவைக்காக ஒருவர் வைத்திருப்பவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. சங்கம் ஒரு வீடு அன்று.

நிர்வாக சபையிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, உதவி பெறும் பிள்ளையின் முகமும் குடும்ப நிலையும் எங்கள் பக்கங்களில் இனி வெளிவரக்கூடாது. ஏற்கெனவே உள்ளவை அகற்றப்படவேண்டும். இரண்டு, விளையாட்டு, கலைவிழா போன்றவற்றின் படங்களுக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் பிள்ளையின் விருப்பமும் வேண்டும். எடுத்துவிடுங்கள் என்று எவர் கேட்டாலும் காரணம் கேளாமல் எடுக்கவேண்டும். மூன்று, உறுப்பினர் பட்டியல் செயலாளரின் பொறுப்பில் இருக்கட்டும்; பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் அதில் வேண்டாம். வெளிவரப்போகும் நூற்றாண்டு மலரையும் இணையத்தில் ஏற்றுமுன் இதே கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

இங்கே முன்வரிசையில் இருக்கும் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள், உங்கள் படத்தை ஒருவர் எடுக்கும்போது, “எங்கே போடப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்பவர் அதிபராக இருந்தாலும், பழைய மாணவியாக இருந்தாலும் நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு விடை சொல்லவேண்டியது எங்கள் கடமை.