கடல் கடந்த அறமும் கைத்தொழிற் கணக்கும்
(மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள நம் சங்கத்துத் தாய்மார் சிலர், ஓய்வு நேரத்தில் கைத்தொழிற் பொருள்கள் செய்து விற்று, அவ்வூதியத்தைக் கடல் கடந்த நாடுகளில் இடருறும் மக்களுக்கு அனுப்ப விரும்புகின்றனர். இவ்வெண்ணம் போற்றற்குரியது. ஆயினும் நல்லெண்ணம் ஒன்றே ஒரு காரியத்தை முடித்துவிடாது. இதனை எம்முறையில் நடத்தின் பயன் விளையும், எம்முறையில் நடத்தின் பிறர்க்குத் தீங்கு விளையும் என்பதை ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

'நம் ஊரிலேயே ஏழைகள் இருக்க, அயல்நாட்டார்க்கு உதவுவானேன்?' என்று சிலர் வினவுவர். இவ்வறம் தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன எனக் கப்பலிலிருந்து வந்தோர் கூறக் கேட்டு, அமுதசுரபியைக் கையிலேந்தி மரக்கலம் ஏறினான். வழியில் மணிபல்லவத்தில் அவன் இறங்கியிருந்தபோது, அவன் ஏறிவிட்டான் எனக் கருதிக் கலம் சென்றுவிட்டது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும், பசித்தவரிடம் அது சேரவில்லை. ஈயும் மனமும் ஈதற்குரிய பொருளும் இருந்தால் மட்டும் போதாது. பொருள் போய்ச் சேரும் வழியும் செவ்வையாய் இருத்தல் வேண்டும். இதனைப் பின்னர் விரித்துக் கூறுவோம்.

நெசவை மரபுத் தொழிலாகக் கொண்ட நாம் கடலுக்குக் கடமைப்பட்டவர்கள். பரங்கிப்பேட்டைத் துறையிலிருந்து நம் துணிகள் தென்கிழக்காசியத் தீவுகளுக்குச் சென்றன. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியதற்கு இக்கரையின் துணி வாணிகமும் ஒரு காரணம். சென்னைக் கைக்குட்டை எனப் பெயர் பெற்ற கட்டம் போட்ட துணியை மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்று முகத்தில் வாழும் கலபாரி மக்கள் தங்கள் பிறப்பு இறப்புச் சடங்குகளிலும் பயன்படுத்தினர். நாம் பெயரறியாத மக்கள் நம் போன்றோர் கைவேலையை மதித்து வாங்கியதனால் பல தறிகள் ஓடின.

அன்றியும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையால் நம் மாவட்டத்தில் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும், 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோதும் வெளியூராரும் நமக்குக் கைகொடுத்தனர். அலைக்குப் பின்னர் அயல்நாடுகளிலிருந்தும் உதவி வந்தது. பெற்றவர் தாமும் ஈயக் கற்றல் முறையேயன்றோ?

இனி, கைத்தொழில் கொண்டு அறம் செய்த சிலர் வரலாற்றை நோக்குவோம். 1820-ஆம் ஆண்டுகளில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் ஆங்கில மாது, பள்ளிச் சிறுமியர்க்குச் சரிகைப் பின்னல் போன்ற லேஸ் வேலையைக் கற்பித்தார். அடிமைக் குடியிற் பிறந்த பெண்கள் சிலர் அவ்வேலையால் ஈட்டிய கூலியைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் என்பார், போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்கள் தைத்த பூவேலைத் துணிகளை வாங்கித் தம் தோழியரிடையே விற்கத் தொடங்கினார். அச்சிறு முயற்சியே நாளடைவில் பல நாட்டுக் கைவினைஞர் பொருள்களை விற்கும் பெரிய நிலையமாயிற்று. நமக்கு வடக்கே ஆரோவில்லில், 2005-ஆம் ஆண்டில் உபாசனா என்னும் துணி நிலையத்தார், அலையால் வாழ்விழந்த மீனவப் பெண்களைக் கொண்டு கழிவுத் துணியில் 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மைகளைச் செய்வித்தனர். அவை விலைக்கு விற்கப்படாமல் அன்பளிப்பாகவே உலகெங்கும் சென்றன. பெற்றோர் மனமுவந்து ஈந்த பொருளால் அவ்வேலை நடந்தது.

இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமை உளது. மூன்றிலும் வேலை செய்த கை ஊதியம் பெற்றது. நம் தாய்மார் தொடங்க விரும்பும் குழுவிலோ வேலை செய்யும் கை கூலி பெறாது, அது தொண்டு. இவ்வேற்றுமையிலிருந்தே நாம் கவனிக்கவேண்டிய அபாயம் பிறக்கின்றது.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு துணிப்பை தைப்பதாகக் கொள்ளுங்கள். துணிக்கு 45 ரூபாய்; நூலுக்கும் நாடாவுக்கும் 10 ரூபாய்; கடை வாடகை, வண்டிச் சத்தம் ஆகியவற்றுக்கு 15 ரூபாய்; ஆக முதல் 70 ரூபாய். நாம் அதனை 120 ரூபாய்க்கு விற்றால் 50 ரூபாய் மிஞ்சும். இருநூறு பைகளுக்குப் பதினாயிரம். பை ஒன்றுக்கு இரண்டு மணி நேரமாயின், நானூறு மணி நேர உழைப்பு. இதே பையைத் தையற்கூலியால் வயிறு வளர்க்கும் அடுத்த தெருச் சகோதரி தைத்தால், மணிக்கு 50 ரூபாய் கூலி வைத்து 170 ரூபாய்க்கு விற்றாலன்றி அவளுக்குக் கட்டாது. நாம் 120-க்கு விற்கும் இடத்தில் அவளிடம் யார் வாங்குவார்? கடலுக்கு அப்பால் ஒரு குடும்பத்துக்குச் சோறிட முற்பட்டு, நம் தெருவில் ஒரு குடும்பத்தின் சோற்றை நாம் எடுத்தவராவோம். விசைத்தறித் துணியின் மலிவால் கைத்தறியாளர் பட்ட பாட்டை அறிந்த நம் சமூகத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. நாமும் 170 ரூபாய்க்கே விற்போம். அப்பொழுது பை ஒன்றுக்கு 100 ரூபாய் மிஞ்சும். விலை ஏறியதால் இருநூறு விற்குமிடத்து நூறே விற்றாலும், முன் சொன்ன அதே பதினாயிரம் பாதி உழைப்பில் கைக்கு வரும். கூலியாளுக்கு நியாயம் செய்யும் விலையே தருமத்துக்கும் மிகுதி தரும் விலையாக இருத்தலைக் காண்க. 'தருமத்துக்குச் செய்தது, ஆகையால் மலிவாய்க் கொடுப்போம்' என்னும் எண்ணத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும். அவ்வாறே, 'தருமத்துக்குச் செய்தது, ஆகையால் கோணலாய் இருந்தாலும் வாங்குவார்' என்பதும் தகாது. இரக்கத்தால் வாங்கியவர் ஒருமுறை வாங்குவர். பொருளின் நயத்தால் வாங்கியவர் மறுமுறையும் வருவர்.

இக்குழுவுக்குச் சில விதிகளை எடுத்துரைக்கின்றோம். முதலாவது, ஊரில் பிறர் பிழைப்பாகச் செய்யும் பொருளை இயன்றவரை விலக்கி, வேறு பொருள் செய்க. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துத் தறிகளில் எஞ்சும் பாவின் கடைமுனை நூலும், வெட்டுத் துண்டும் பொம்மைக்கும் தோரணத்துக்கும் புத்தக உறைக்கும் உதவும். அவற்றையும் இலவசமாய்க் கேளாது விலை கொடுத்தே வாங்குக. இரண்டாவது, கூட்டம் எழுவர் எண்மருக்கு மேற்படாதிருத்தல் நலம். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரம். மூன்றாவது, சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை ஆகிய தேர்த் திருநாள்களையும், கடலூரில் தேவனாம்பட்டினத்து மாசிமகத்தையும் நோக்கி முன்னதாகவே வேலையை முடித்துக்கொள்க. நான்காவது, வரவு செலவுப் புத்தகம் ஒருவர் கையிலும், பணம் வேறொருவர் கையிலும் இருக்கட்டும். பாங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் இருக்கட்டும். ஆண்டுக் கணக்கு இப்பத்திரிகையில் அச்சாகட்டும். நம்மவரே ஆயினும் கணக்குக் கேட்பது அவநம்பிக்கையன்று. கணக்குக் காட்டுபவரின் மானத்துக்கு அது காவல்.

இனி, பணம் போய்ச் சேரும் வழி. இந்திய ரிசர்வ் வங்கி 2004-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய திட்டப்படி, இந்நாட்டில் வசிக்கும் தனிமனிதர் ஒருவர் நன்கொடை உள்ளிட்டவற்றுக்காக ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரையில் வங்கி வாயிலாக வெளிநாடு அனுப்பலாம். இவ்வரம்பு 2015 முதல் உள்ளது. இத்திட்டம் தனிமனிதர்க்கே உரியது. சங்கத்துக்கும் அறக்கட்டளைக்கும் உரியதன்று. அறக்கட்டளையின் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிட்டால் வரிவிலக்குக்கும் இடையூறு நேரும். ஆதலால் வங்கி அதிகாரியையும் தணிக்கையாளரையும் கலந்தே அடி வைத்தல் வேண்டும்.

இதனினும் நேரிய வழி ஒன்று 2022-ஆம் ஆண்டில் காணப்பட்டது. இலங்கையில் அரிசியும் மருந்தும் அரிதாகி மக்கள் வருந்தியபோது, தமிழ்நாட்டு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, 28 கோடி ரூபாய் மதிப்புள்ள மருந்துகள் ஆகியவற்றை அனுப்ப முடிவு செய்தது. முதற் கப்பல் அவ்வாண்டு மே மாதம் 18-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டது. முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு ஈயுமாறு பொதுமக்களும் வேண்டப்பட்டனர். இத்தகைய வேளையில் சிறு குழுவின் பத்தாயிரம் ரூபாயும் பெருங்கப்பலில் ஏறிவிடும். வேளை வாராத காலத்தில், கடல் கடந்து வந்து நம்மிடையே மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவலாம். கடல் கடந்த மக்களைக் காண நாம் எப்பொழுதும் கடல் கடக்க வேண்டுவதில்லை.

'வருஷம் முழுதும் தைத்து ஈட்டும் பதினாயிரத்தை ஆளுக்குச் சமபங்காய்ப் போட்டு ஒரே நாளில் அனுப்பிவிடலாகாதா?' என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. பணமே குறியாயின் அவ்வாறே செய்க. ஆனால் கையில் ரொக்கமில்லாத நம் தாய்மார் பலர்க்கு, தம் பெயரால் ஈயக்கூடிய பொருள் தம் உழைப்பு ஒன்றே. கணவனையோ மகனையோ கேளாமல் அவர்கள் தரத்தக்க தானம் அது. வடலூரில் 1867-ஆம் ஆண்டில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அரிசி கொடுத்தவரால் மட்டும் எரியவில்லை. விறகு சுமந்தவராலும் இலை போட்டவராலும் எரிந்தது.

ஆகவே சகோதரிகளே, குழுவைத் தொடங்குங்கள். பிறர் கூலியைக் குறைக்காத விலையும், வாங்குவோர் முகம் சுளிக்காத வேலையும், எவர் கேட்பினும் எடுத்துக் காட்டத்தக்க கணக்கும் இம்மூன்றும் உங்கள் குழுவுக்கு முதலாகுக. முதற் கூட்டத்துக்கு வேண்டிய நூலையும் துண்டுத் துணியையும் தறிக்காரரிடம் உரிய விலைக்கு வாங்கித் தருதலை ஆடவராகிய நாம் ஏற்றுக்கொள்வோம் என இச்சபையில் தீர்மானிக்குமாறு பெரியோர்களை வேண்டிக்கொள்கின்றோம்.