நயினாதீவுக்குப் போகும் வேனும் அடியில் கேட்கும் சத்தமும்



நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள் நம்ம லயங்களிலும் இருக்கிறார்கள். அந்த வேனின் அடியில் கேட்கும் சத்தம் பற்றித்தான் நாங்கள் பேச வந்தோம்.

மலையில் இரண்டாம் கியரில் இன்ஜின் போடும் கூச்சலில் வேறெதுவும் காதில் விழாது. பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறை வரை ரோடு சமதரை. அங்கேதான் ஒளிந்திருந்த சத்தம் வெளியே வரும். பாட்டை நிறுத்தினால் கேட்கும். நம்ம ஆட்கள் நிறுத்த விடுவார்களா என்பது வேறு கதை!

நின்ற இடத்தில், நியூட்ரலில் சத்தம் வந்தால் இன்ஜின், கிளச், கியர் பொக்ஸ் பக்கம். கிளச்சை மிதித்ததும் வந்தால் பெரும்பாலும் கிளச் பெயாரிங். மிதித்ததும் நின்றால் கியர் பொக்ஸுக்குள்ளே. ஓடும்போது மட்டும் ஊளையிட்டு, அக்சிலேட்டரை மிதிக்க ஒரு மாதிரி, விட வேறு மாதிரி என்றால் டிஃபரன்ஷியல். மிதித்தாலும் விட்டாலும் ஒரே இரைச்சல், வளைவில் மட்டும் கூடிக் குறைகிறது என்றால் வீல் பெயாரிங்.

நாங்கள் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. கியர் போட்டு எடுக்கும்போது 'டொக்' என்று ஓர் அடி, மெதுவாகப் போகையில் சுண்டெலி மாதிரி 'கீச் கீச்'. புரொபெல்லர் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜொயின்ட் கிறீஸ் இல்லாமல் காய்ந்து தேய்ந்தால் இப்படித்தான் கேட்கும். ரம்பொடை ஏற்றத்தில் அது கழன்றால் இன்ஜின் ஓடும், சில்லு சுற்றாது. ஆட்களோடு வேன் பின்னுக்கு வரும். கியரில் போட்டும் நிறுத்த முடியாது, பிரேக் ஒன்றுதான் கதி.

நீங்கள் படகேறிக் கோயிலுக்குப் போகும் நேரம் வேன் குறிகட்டுவானில் சும்மாதானே நிற்கும்? இன்ஜினை நிறுத்தி, கை பிரேக் இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜொயின்டில் ஆட்டமோ, ஓரத்தில் சிவப்புத் துருத்தூளோ இருந்தால் யாழ்ப்பாண டவுணிலேயே மாற்ற வேண்டும். 1990களின் எரிபொருள் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் அது. பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களைக் காப்பாற்றிய கைகள் அங்கே உண்டு.

"அது பழைய சத்தம்தான்" என்று சாரதி சொன்னால் விட்டுவிடாதீர்கள் அம்மாமாரே. பிள்ளைகளும் அதில்தான் வருகிறார்கள். மெக்கானிக்கிடம் "சத்தம் வருது" என்றால் போதாது. எந்த வேகத்தில், எந்தக் கியரில், மிதிக்கும்போதா விடும்போதா என்று சொல்லுங்கள்.