கைக்குள் ஒரு வானொலி நிலையம்



கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நாம் கோடைப் பண்பலையை 100.5 மெகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசையில் கேட்டு மகிழ்கிறோம். அந்த நிலையத்திற்கு ஓங்கிய கோபுரம் வேண்டும். மிகுந்த மின்னாற்றலும் வேண்டும். ஆனால், நெல்லிக்காயைப் போல் உள்ளங்கையில் அடங்கும் மற்றொரு நிலையத்தைப் பலர் சட்டைப் பையில் சுமந்து திரிகிறார்கள். காரின் கதவைத் தொலைவிலிருந்தே திறக்கும் ரிமோட் சாவியைத்தான் சொல்கிறேன். அதன் பொத்தானை அழுத்தினால் வானொலி அலை ஒன்று புறப்படுகிறது. நம் நாட்டில் ஓடும் பல கார்களில் அதன் அலைவரிசை 433.92 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். இந்நிலையம் பாட்டையோ பேச்சையோ ஒலிபரப்புவதில்லை. மறைமொழியாக அமைந்த எண்களை ஒலிபரப்புகிறது. அதற்குரிய நேயரும் ஒருவரே. அவர்தாம் அந்தக் கார்!

கம்பியின்றித் தொலைவில் ஒரு செயலை நிகழ்த்தலாம் என்பதை நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலேயே கல்கத்தாவில் மெய்ப்பித்துக் காட்டினார். அவர் எழுப்பிய அலை சுவரை ஊடுருவிச் சென்று அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தது. இன்று கார்க் கதவைத் திறப்பதும் அதே இயற்கை விதிதான்.

இத்துணைச் சிறப்புடைய கருவி பழுதுபட்டால் நாம் என்ன செய்கிறோம்? காரணத்தை ஆராயாமல், புதிது வாங்குவதற்குப் பணத்தை எண்ணத் தொடங்குகிறோம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

எங்கள் சுருளிப்பட்டி, சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் திராட்சைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர். அங்கே என் அண்டை வீட்டு உழவர் ஒருவரிடம் பதினைந்து ஆண்டுப் பழமையுடைய கார் ஒன்று உண்டு. அதன் ரிமோட் சாவி சில நாள் வேலை செய்யும்; சில நாள் செய்யாது. ஓர் இரவில் அவருடைய தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. கம்பத்திலுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். பொத்தானைப் பலமுறை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. சாவியைத் துளையில் இட்டுத் திருப்பினார், அதுவும் அசையவில்லை. பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமையால் பூட்டு இறுகிப்போயிருந்தது. நல்ல வேளையாக மற்றொருவரின் வண்டி கிடைத்தது, தாயாரும் பிழைத்தார். ஆயினும், வீணான அந்தக் கால் மணி நேரத்தை அவரால் மறக்க இயலவில்லை.

மறுநாள் அவரும் நானும் ஆராய முற்பட்டோம். அவர் அதற்கு முன்பே இருமுறை மின்கலத்தை மாற்றியிருந்தார். பட்டறையிலோ, சாவியையே மாற்ற வேண்டும் என்று கூறியிருந்தார்கள். நாங்கள் முதலில் வீட்டிலிருந்த மாற்றுச் சாவியைக் கொண்டு பார்த்தோம். நாற்பது அடி தொலைவிலிருந்தும் அது கதவைத் திறந்தது. ஆகவே காரின் ஏற்பிக் கருவியில் குறையில்லை. குறை முதற் சாவியில்தான் என்பது தெளிவாயிற்று.

அடுத்து, அந்தச் சாவியின் பொத்தான்களைத் தனித்தனியே சோதித்தோம். பூட்டும் பொத்தான் ஒவ்வொரு முறையும் அதே தொலைவிலிருந்து வேலை செய்தது; திறக்கும் பொத்தானே தவறியது. இங்கே சற்றுச் சிந்தியுங்கள். மின்கலம் இரண்டு பொத்தான்களுக்கும் பொது. அலையை எழுப்பும் உறுப்பும் பொது. ஒன்று செவ்வனே இயங்கும்போது பொதுவான உறுப்புகளைக் குற்றம் சொல்வது எப்படிப் பொருந்தும்? எனவே திறக்கும் பொத்தானின் அடியில்தான் கோளாறு இருத்தல் வேண்டும்.

கூட்டைத் திறந்தோம். அப்பொத்தானின் அடியில் வெளிர்நீலப் பொடி படிந்திருந்தது. அது என்ன தெரியுமா? திராட்சைக் கொடிக்கு நோய் வராமல் தெளிக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை! மருந்து தெளிக்கும்போதும் சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. ஸ்பிரிட்டில் தோய்த்த மெல்லிய தூரிகையால் அதைத் துடைத்து, நன்கு உலர்த்தி மூடினோம். பொத்தான் பழையபடி வேலை செய்தது. செலவு சில ரூபாய்களே.

எல்லாச் சாவிகளின் நோயும் இதுவே அன்று. அருகில் வேலை செய்து தொலைவில் தவறினால், மின்கலம் தளர்ந்திருக்கலாம். பல சாவிகளில் இருப்பது சி ஆர் 2032 என்னும் 3 வோல்ட் மின்கலம். அவ்வெண்ணின் முற்பாதி 20 மில்லிமீட்டர் விட்டத்தையும், பிற்பாதி 3.2 மில்லிமீட்டர் கனத்தையும் குறிக்கும். தளர்ந்த மின்கலம் சும்மா இருக்கும்போது மானியில் ஏறக்குறைய முழு அழுத்தத்தைக் காட்டிவிட்டு, வேலை வந்ததும் சோர்ந்துவிடுவதும் உண்டு. ஆதலால் புதியதை இட்டுப் பார்ப்பதே நம்பத்தகுந்த சோதனை. ஓரிடத்தில் மட்டும் தவறினால், அங்கே வேறு வானொலி அலைகளின் குறுக்கீடு இருக்கலாம். கள்வர் எண்ணைப் பதிந்துகொண்டு ஏமாற்றாதபடி, பெரும்பாலான சாவிகள் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணை அனுப்புகின்றன. காருக்கு எட்டாத தொலைவில் குழந்தைகள் பொத்தானைப் பன்முறை அழுத்தி விளையாடினால், சாவியின் கணக்கு காரின் கணக்கை விட்டு வெகுதூரம் முன்னே சென்றுவிடும். அப்போது காருடன் வந்த கையேட்டில் கூறியபடி இரண்டையும் மீண்டும் இசைவிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். கழற்றிய மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிய மின்கலம் உணவுக் குழலை இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். ஐயம் எழுந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றொன்று, மாதம் ஒருமுறையேனும் சாவியைத் துளையில் இட்டுத் திருப்பிப் பழக்குங்கள். பூட்டு இறுகினால் பென்சில் கரியின் நுண்ணிய தூளைச் சிறிது இடலாம்.

இவ்வளவும் ஒரு சாவியைப் பற்றிய பேச்சுத்தானா என்று நீங்கள் கேட்கலாம். பொதுவானது எது, தனியானது எது என்று பிரித்தறிதல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல். விளைவு காட்டும் வழியே செல்லுதல்: இவையே ஆராய்ச்சிக்கூடத்தில் அறிஞர்கள் கைக்கொள்ளும் முறை. அம்முறையைப் பழகுவதற்கு உங்கள் வீட்டில் பழுதுபட்டுக் கிடக்கும் எளிய பொருள் ஒன்றே போதும்.