நங்கூரமும் நத்தாரும்



கிறிஸ்து பிறப்பு விழாவைப் பற்றி எழுதும் மேலைநாட்டார் பனியையும் நெடிய இரவையும் குறிப்பிடுவது வழக்கம். இலண்டன் மாநகரில் டிசம்பர்ப் பிற்பகுதியில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. திருக்கோணமலையிலோ அந்நாளிலும் பகல் 11½ மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். ஆயினும் இத்துறைமுகப் பகுதிக்கும் ஓர் இருட்காலம் உண்டு. அது வாடைக்காற்றோடு வரும் மாரிகாலம்.

நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே இங்கு மழை மிகுதி. கொட்டியாரக் குடாவில் அலை எழும். கரைவலைகள் சுருட்டி வைக்கப்படும். தோணிகள் மேட்டுக்கு ஏற்றப்படும். சோளகக் காலத்தில் நீர்கொழும்பிலிருந்து வந்து வாடி அமைத்தோர் அதற்கு முன்னரே தம்மூர் திரும்பியிருப்பர். கடல் அடைபட்டால் மீனவர் இல்லத்தில் உலை தயங்கும்; கடன் வளரும். இந்த வாரங்களிலேதான் திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் வந்து சேருகின்றன.

இதே பருவத்தில் பெருந்துயரங்களும் இக்கரையைத் தாக்கியுள்ளன. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆந் திகதி, நத்தாருக்கு மூன்று நாள் முன்னதாக, கொடும்புயலொன்று இலங்கையின் வடகிழக்கில் புகுந்தது. அன்றிரவே அது தனுஷ்கோடியையும் அழித்தது. 2004 ஆம் ஆண்டிலோ நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை வந்தது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிழக்குக் கரையோரம் சிதைந்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பௌத்தர் என்று கடல் வேறுபாடு பார்க்கவில்லை. பாலன் குடில்கள் இன்னும் பிரிக்கப்படாதிருந்த வீடுகளிலே பிள்ளைகளைத் தேடும் ஓலம் எழுந்தது.

இவ்வாறு இழந்தவரிடம் சென்று, மகிழ்ந்திருங்கள் என்று கூறுவது எங்ஙனம்? அவ்வாறு கூறுவது கொடுமையாகாதா?

இவ்வினாவுக்குத் திருச்சபையின் நாட்காட்டியே ஒரு விடை தருகிறது. நத்தாருக்கு மறுநாள், கல்லெறியுண்டு மாண்ட முதல் மறைசாட்சியாகிய புனித முடியப்பரின் திருநாள். டிசம்பர் 28 ஆந் திகதி, ஏரோது மன்னன் கொல்வித்த பெத்லகேம் குழந்தைகளின் நினைவு நாள். பாலன் பிறந்த கதையிலேயே, பிள்ளையைப் பறிகொடுத்த அன்னையரின் அழுகையும் உண்டு. இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய அகதிக் குடும்பமும் உண்டு. 2004 இல் அந்த 28 ஆந் திகதி செவ்வாய்க்கிழமை. கரையோரமெங்கும் உடல்களை அடக்கம் செய்துகொண்டிருந்த நாள். அழுகைக்கு இடமளிக்காத விழாவாயின் அன்றே அது பொருளற்றுப் போயிருக்கும். கிறிஸ்தவ நம்பிக்கை துயரத்தை மறைப்பதில்லை, அதனருகே அமர்கிறது.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் நம்பிக்கையை நங்கூரத்துக்கு ஒப்பிடுகின்றது. உரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளிலும் தொடக்ககாலக் கிறிஸ்தவர் நங்கூரத்தைச் செதுக்கி வைத்தனர். இவ்வுவமையின் பொருளைத் திருக்கோணமலைக் கடலோடிக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நங்கூரம் காற்றை அடக்குவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத ஆழத்தில் அது பற்றிக்கொள்ள, மேலே மரக்கலம் ஆடிக்கொண்டேயிருக்கும். கயிற்றைக் குறுக்கினால் நங்கூரம் பெயர்ந்துவிடும். நீள விட்டால்தான் பிடிக்கும். நம்பிக்கைக்கும் அத்தகைய நீண்ட பொறுமை வேண்டும். மேலும், புயல் முற்றிய பின் நங்கூரத்தைத் தேடுவது பயன் தராது. நான்கு வாரக் காத்திருப்பின் நோக்கமும் முன்கூட்டியே அதை இறக்கி வைப்பதுதான்.

அக்காத்திருப்பு சோம்பியிருத்தலன்று. மாரிகாலத்தில் மீனவர் கிழிந்த வலையைப் பொத்துகின்றனர்; தோணியின் வெடிப்பை அடைக்கின்றனர். கடல் திறக்கும் என்று உறுதியாக எண்ணுபவனே வலையைப் பொத்துவான். அவ்வாறே, இருட்காலத்தில் நம்பிக்கை கொண்டோர் அயல்வீட்டில் அடுப்பெரிகிறதா என்று பார்ப்பர். பிள்ளையை இழந்த தாயின் திண்ணையில், பேசாமலேனும், சற்றே அமர்ந்திருப்பர்.

வாடை ஓய்வதற்கு இன்னும் நாட்கள் உள்ளன. நத்தார் இரவில் ஏற்றப்படும் விளக்கு அக்காற்றிலே நடுங்கத்தான் செய்யும். ஆயினும் அதனை ஒரு கையால் மறைத்துப் பிடித்து, அயலார் வாசல் வரை கொண்டு செல்லலாம்.